நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

குடிநீர் வாரியத்துப் பதிவறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் கை எதையாவது கட்டிக் கட்டி அவிழ்க்கும். கோப்புகளைச் சுற்றிக் கட்டுகிற வெள்ளை நாடா ஒன்று எப்போதும் அவள் விரலில் சுற்றியிருக்கும். அலுவலகம் முழுக்க அவளை ரெக்கார்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட ஆறு வயது மூத்தவரான மேலாளரே அப்படித்தான் கூப்பிட்டார். "இந்த அக்கா அந்த ரூமுக்குள்ள நடக்கிற நடைய ரோட்டுல நடந்தா, சாயந்திரத்துக்குள்ள அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திடும்" என்று மீட்டர் பிரிவில் கேலி பேசுவார்கள். அவள் காதில் விழ வேண்டும் என்றே பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நடப்பாள்.

பதிவறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு நீளமான அறை. பதினாறு இரும்பு அலமாரிகள். இரண்டு ஜன்னல்கள்; ஒன்று திறக்காது, இன்னொன்று மூடாது. அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கோப்புக்குள் போகிற ஒவ்வொரு தாளுக்கும் வலது மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் எண் போட வேண்டும். எண் இல்லாத தாள் அங்கே தாளே இல்லை. இந்தச் சட்டம் அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, வாஷிங் மெஷினோடு வந்த கையேடு, எது கிடைத்தாலும் மூலையில் ஓர் எண் விழுந்துவிடும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு நாக்கு சும்மா இருக்காது. "இந்த மருந்துச் சீட்டுல இருபத்தேழுன்னு போட்டிருக்கியே தாயே, இருபத்தாறு எங்க? அந்த வியாதி எனக்கு எப்ப வந்துச்சு?" என்பார்.

பிள்ளை இல்லாத வீடு. அவர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால் எந்த மாடியில் எந்த லிஃப்ட் நின்றதோ அங்கே தொங்கிக்கொண்டிருப்பார். இவள் அலமாரிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருப்பாள். சாயந்திரம் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்பார்கள். அவள் நின்றுகொண்டே பார்ப்பாள். இப்படியே போயிருந்தால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்றும் இருந்திருக்காது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பன்னிரண்டாம் அலமாரிக்கு மேலே கூரை ஒழுகியது. நனைந்த கட்டுகளை இறக்கி உலர்த்தும்போது ஒரு கோப்பு கையில் வந்தது. ஊருக்கு மேற்கே இருந்த பழைய ஏரியின் கரை உடைந்த விசாரணைக் கோப்பு. அப்போதே நாற்பத்தைந்து வருஷப் பழசு. அடைமழை நாள், சாயந்திரம் நாலரை மணிக்குக் கரை உடைந்து, கீழே இருந்த தெருக்களில் இருபத்திரண்டு பேர் செத்துப்போனார்கள். ஏரிக்காவலுக்கு இருந்த மதகுக்காரரையும் சேர்த்தால் இருபத்துமூன்று. அவர் உடல் கிடைக்கவே இல்லை. மூன்று மணிக்கே மேல்மதகைத் திறந்துவிட்டிருந்தால் கரை தப்பியிருக்கும் என்று விசாரணை செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். ஏன் திறக்கவில்லை என்பதற்கு, "காரணம் தெரியவில்லை" என்று இரண்டே வார்த்தையோடு கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்த இரண்டு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். மனிதர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? தூங்கினாரா, ஓடினாரா, பிடியைச் சுற்றச் சுற்ற அது திறக்காமல் போனதா? இவளுக்கு என்ன வந்தது, சொல்லுங்கள். செத்தவர் மாமனா மச்சானா? ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கோப்பில் இருந்தவை பெரும்பாலும் மட்டத்தாள்கள். மதகுக்காரர் மணிக்கொரு தரம் நிரப்ப வேண்டிய தாள். நாலு கட்டம் இருக்கும்: நேரம், நீர்மட்டம், மழை, குறிப்பு. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. மத்தியானமே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்ட கடைசி நாளின் காலைத்தாள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மதியத்தாள் அவரோடு தண்ணீரில் போய்விட்டது. கோப்பு அங்கேயே முடிகிறது.

முடிந்த இடத்தில் அவள் ஆரம்பித்தாள். செத்துப்போன மதகுக்காரர் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் மணிக்கொரு தரம் மட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார், ஊரே மாறிய பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நாவல். எழுதிப் பழக்கமில்லாதவள். வெள்ளைத்தாளில் எழுதினால் ஒரு வரி வரவில்லை. அலமாரியின் அடித்தட்டில் எழுதாத பழைய மட்டத்தாள் கட்டு ஒன்று மக்கிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து எழுதினாள். வார்த்தை கடகடவென்று வந்தது. அவளாகவே ஓர் ஒழுங்கும் வைத்துக்கொண்டாள். முதல் மூன்று கட்டமும் சரித்திரம். அதில் கை வைக்க மாட்டாள். தேதி, மணி, மழை, மட்டம் எல்லாம் விசாரணை அறிக்கையில் உள்ளது உள்ளபடி. நாலாவது கட்டம், அந்தக் 'குறிப்பு', அவளுடையது. பேய் அங்கே மட்டும்தான் பேசும்.

நல்ல ஏற்பாடுதான். ஒரு நாவலுக்கு அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. மதகுக்காரரின் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினாள். நாலைந்து வருஷத்தில் அந்தக் கை அப்படியே வந்துவிட்டது. பழைய நீல மை வாங்க எங்கெங்கோ அலைந்தாள். "பேனா மைக்குப் போய் ஒருத்தி மூணு பஸ் மாறுவாளா?" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டாவது வருஷத்தில் ஒருநாள் காலை, காணாமல் போன அந்த மதியத்தாளை எழுதினாள். ஒரு மணி: மழை கூடுகிறது, மதகுக் குழாய்க்குள் சத்தம். இரண்டு மணி: குழாய்க்குள் குழந்தை, அப்பா என்கிறது. மூன்று மணி: விடாமல் கூப்பிடுகிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நாலு மணிக்கு எதிரே குறிப்பு காலி. குழந்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது, பேனா எழுதியது. கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க, கோப்பைத் திறந்து நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்ததாக அதை வைத்தாள். ஒத்துப்போனது. மனசு நிறைந்துவிட்டது. கை தன்பாட்டுக்குச் சிவப்புப் பென்சிலை எடுத்து மூலையில் 113 என்று போட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவளுடைய அக்காவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். போட்டது போட்டபடி ஓடினாள். கோப்பை மட்டும் பழக்கதோஷத்தில் நாடா போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் ஓடினாள். தாள் உள்ளேயே இருந்தது. இருந்தால் என்ன? எட்டு வருஷத்தில் அந்தக் கோப்பை அவளைத் தவிர ஒரு ஈ காக்கை கேட்டதில்லை.

நாலு நாள் கழித்து அக்காவை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். மேலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க ரெக்கார்டக்கா, வாங்க! உங்க ரூமுக்குள்ள தங்கப் புதையல வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா மூச்சு விடலையே!"

விஷயம் இதுதான். ஏரி உடைந்த இடத்தில் செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதற்கு ஒரு குழு இருந்தது. அதற்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டர். கல்லோடு ஒரு நினைவு மலரும் போடுகிறார். இவள் லீவில் இருந்த மூன்றாம் நாள் அனுமதிக் கடிதத்தோடு வந்து அதே கோப்பைக் கேட்டிருக்கிறார். பொறுப்புக்கு உட்கார்ந்திருந்த மீட்டர் பிரிவு ஆள் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஹெட்மாஸ்டர் மேலாளர் அறையில்தான் இருந்தார். கையில் செல்போன், அதில் 113-இன் படம்.

"ஐம்பத்துமூணு வருஷமா 'காரணம் தெரியவில்லை'ன்னு உக்காந்திருந்தாங்கம்மா. இந்தா காரணம், அந்த ஆள் கையாலயே எழுதியிருக்கான்!" அவருக்கு முகமெல்லாம் பல்.

அவள் வாயைத் திறந்தாள். "சார், அதுல குழாய்க்குள்ள குழந்தை கூப்பிடுதுன்னெல்லாம் இருக்கே... அத எப்படி..."

"பேய் பிசாசெல்லாம் நமக்கு எதுக்கு? அதைத் தள்ளிடுவோம். ஆள் போதையில இருந்திருப்பான், இல்லன்னா மூளை குழம்பியிருக்கும். 'போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்'னு எழுதிட்டு மதகத் தொறக்காம போயிட்டான். அதான் சரித்திரம். இருபத்துரெண்டு பேரைக் கொன்னவன் பேர அவங்க பேரோட சேர்த்து வெட்ட முடியுமா? எடுக்கச் சொல்லிட்டேன். வர்ற திங்கக்கிழமை விட்டு அடுத்த திங்கக்கிழமை கல்லுல உளி வைக்கிறாங்க."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு வருஷமாக அவள் பட்ட பயமெல்லாம், படிக்கிறவர்கள் இந்தப் பேயை நம்புவார்களா என்பதுதான். பேயை ஒருத்தரும் நம்பவில்லை. பேய்க்குத் தோதாக அவள் சேர்த்த பொய்யை ஊரே நம்பிவிட்டது. அந்த இடத்திலேயே, "சார், அது நான் எழுதினது" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரசாங்கக் கோப்பில் பொய்த்தாள் வைப்பது சின்னக் குற்றமா? வேலை போய்விடும், ஊர் சிரிக்கும். தலையை ஆட்டிவிட்டுப் பதிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நாடாவை அன்றைக்கு எத்தனை தடவை கட்டி அவிழ்த்தாளோ, அது நார்நாராகப் போயிற்று.

வீட்டில் மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கிழிச்சுப் போட்டுட்டு வா. தொலைஞ்சது சனியன்."

"போட்டோ எடுத்து வச்சிருக்காருங்க."

"அப்ப சும்மா இரு. செத்துப்போன ஆளு, யாரு வந்து கேக்கப்போறாங்க?"

"சும்மா இருக்க முடிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்றாள் அவள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவப் போனாள்.

கேட்க ஆள் வந்தது. மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓர் அம்மாள் பதிவறை வாசலில் நின்றாள். அறுபதை நெருங்கின வயசு. பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறாள்.

"மதகுக்காரர் பொண்ணுங்க நான். எங்கப்பா எழுதின தாள் இருக்காமே. ஒரு தடவை பார்க்கலாமா?"

மதகுக்காரருக்கு மகள் இருக்கிறாள் என்பதே ரெக்கார்டக்காவுக்குத் தெரியாது. எட்டு வருஷம் அந்த மனிதரோடு பேசாத பேச்சில்லை. பிள்ளைகுட்டி உண்டா என்று ஒருநாள் விசாரித்ததில்லை. கோப்பை மேஜையில் வைத்து அவிழ்த்தாள்.

தையற்காரம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு 113-ஐ எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எங்கப்பா கையெழுத்த நான் பார்த்ததே இல்லைங்க. வீட்டுல இருந்ததெல்லாம் அந்த வெள்ளத்துலயே போச்சு. போட்டோகூட கிடையாது." சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு கோணிக்கொண்டது. "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். ஆறு வயசு. மத்தியானம் முழுக்க 'அப்பா அப்பா'ன்னு கத்திக்கிட்டே கிடந்தேனாம். எங்கம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவா. அவருக்கு அங்க கேட்டிருக்கு பாருங்க."

"அம்மா, அது வந்து..."

"என் குரல் கேட்டுத்தானே எழுந்து போயிருக்கார்? நான் மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா மதகத் தொறந்திருப்பார். இருபத்துரெண்டு பேருங்க!"

ரெக்கார்டக்காவுக்குச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு முட்டியது. வாயில் வந்தது வேறு. "நகல் வேணுமாம்மா?" என்று கேட்டாள். பாருங்கள் கூத்தை! அந்தப் பொய்த்தாளுக்கு அவள் கையாலேயே நகல் எடுத்து, அந்த அம்மாளிடம் கொடுத்து அனுப்பினாள். எனக்கு இந்த இடத்தில் அவள்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கே அவள்மேல் அதைவிட வந்தது.

அடுத்த மூன்று நாளில் அவள் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. பதிவறையில் ஒன்றாம் அலமாரிக்கும் பதினாறாம் அலமாரிக்கும் நடந்தாள். மாடிப்படி ஏறி மேலாளர் கதவு வரைக்கும் போய், குடிக்கத் தண்ணீர் வந்தவளைப்போல் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இறங்கினாள். ஒருநாள் அப்படி ஐந்து டம்ளர் குடித்தாள். நாவல் கட்டைக் கையில் எடுத்தால் பயமாக இருந்தது. அதற்குள்ளே ஒரு குழந்தை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுதிய குழந்தைதான். ஆனால் இப்போது அதற்கு முகம் வந்துவிட்டது. அறுபது வயசும் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மேலாளர் போகிற போக்கில் சொன்னார். "பிரச்சினை தீர்ந்துச்சு ரெக்கார்டக்கா. மதகுக்காரர் பொண்ணே லெட்டர் எழுதிக் கொடுத்திருச்சு. 'எங்கப்பா பேர் கல்லுல வேண்டாம், ஊரார் மன்னிக்கணும்'னு. பாவம், நல்ல மனுஷி."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெக்கார்டக்கா தையல் கடை வாசலில் நின்றாள். கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மூலையில் ஊதாத் துணி மலைபோல் குவிந்திருந்தது. தையற்காரம்மாள் மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"வாங்க, உக்காருங்க."

"உக்காரலம்மா." பஸ்ஸில் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அந்தத் தாள் உங்கப்பா எழுதினது இல்ல. நான் எழுதினது."

மெஷின் நின்றது.

"நான் ஒரு கதை எழுதிட்டிருக்கேம்மா. உங்கப்பா செத்ததுக்கு அப்புறமும் மட்டம் எழுதிட்டே இருக்கிற மாதிரி ஒரு கதை. அதுல ஒரு தாள் அது. கோப்புல அவர் நெசமாவே எழுதின தாளெல்லாம் இருக்கு, அந்தக் கையெழுத்தப் பார்த்து எழுதினேன். கோப்புல மறந்து வச்சுட்டேன். அவரு போதையில இருக்கல. ஓடிப்போகல. நீங்க கூப்பிட்டுப் போகல. எல்லாம் என் கற்பனை. உங்களுக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியவே தெரியாது, சத்தியமா."

"அப்ப அவர் மதக ஏன் தொறக்கல?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

தையற்காரம்மாள் மெஷின் டிராயரை இழுத்து நாலாக மடித்த நகலை எடுத்தாள். மடிப்பில் தாள் நைந்துபோயிருந்தது.

"இத நாலு நாளா தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்கறேன். இருபத்துரெண்டு பேர நான்தான் கொன்னேன்னு சோறு எறங்கல. ஆனா ராத்திரி இத எடுத்துப் பார்த்துக்குவேன். அப்பாவுக்கு என் குரல் கேட்டுச்சேன்னு." நகலை மறுபடி நாலாக மடித்தாள். "அந்தப் பழிய எடுத்துட்டீங்க, சரி. கூடவே எங்கப்பாவையும் எடுத்துட்டுப் போறீங்களே! நீங்கல்லாம் மனுஷியா?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"கதை எழுத உங்களுக்கு எங்கப்பாதான் கெடச்சாரா? போங்க. முதல்ல இந்தக் கல்ல நிறுத்துங்க. அப்புறம் என் கண்ணுல படாதீங்க."

ரெக்கார்டக்கா கடைவாசலில் நின்று அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு நடந்தாள்.

ஹெட்மாஸ்டர் நம்ப மறுத்தார். இதுதான் வேடிக்கை. "உங்களுக்கு அந்தக் குடும்பத்து மேல இரக்கம். அதுக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றார். அவர் கண்டுபிடித்த சரித்திரத்தை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவாரா? அவள் அவருடைய மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, அவர் நினைவு மலருக்கு எழுதி வைத்திருந்த முன்னுரையின் ஓரத்திலேயே அந்தச் சாய்ந்த கையெழுத்தில் எழுதிக் காட்டினாள்: மூன்று மணி, விடாமல் கூப்பிடுகிறது. ஹெட்மாஸ்டர் செல்போன் படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. கோப்பின் முதல் பக்கத்தில் 'மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு தாள்கள்' என்று அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா சார் என்று கேட்டாள். அவர் பார்க்கவில்லை. முதல் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

திங்கட்கிழமை காலை மேலாளரிடம் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பக்கம், தன் சொந்தக் கையெழுத்தில். கல்லில் இருபத்துமூன்று பெயரும் வந்தன. மலரில் 'காரணம் தெரியவில்லை' என்ற பழைய இரண்டு வார்த்தையே வந்தது. அவளுக்கு விசாரணை நடந்தது, கண்டனக் கடிதம் வந்தது. வேலை தப்பியது எப்படி என்றால், பத்தொன்பது வருஷத்தில் ஒரு தாள் தொலைத்ததில்லை என்று மேலாளர் பரிந்து பேசினார். தொலைக்கவில்லை, ஒன்று கூடுதலாகத்தான் சேர்த்திருக்கிறாள் என்று அவரால் ஒரு ஜோக்கும் அடிக்க முடிந்தது. ஆனால் பதிவறை போய்விட்டது. புகார் ஜன்னலில் போட்டார்கள். உட்காரத் தெரியாதவளுக்கு எட்டு மணி நேரம் நாற்காலி. காலை ஆட்டிக்கொண்டே, தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களின் திட்டை வாங்கி எழுதிக்கொண்டாள். நாவல் கட்டு வீட்டுப் பரண்மேல் கிடந்தது. எழுத மனசு வரவில்லை. தூக்கி எறியவும் வரவில்லை. பரண்பக்கம் போகும்போதெல்லாம் கை தயங்கித் தயங்கித் திரும்பியது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மதியம் புகார் ஜன்னலில் வரிசையில் நின்று வந்த முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். கழுத்தில் அளவு நாடா.

"புகார் ஒண்ணும் இல்ல," என்றாள் தையற்காரம்மாள். "எங்கப்பா நெசமாவே எழுதினது இருக்குன்னீங்களே. கடைசிப் பக்கம். அதக் காட்டுவீங்களா?"

இப்போது பதிவறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒன்றும் கேட்காமல் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். ரெக்கார்டக்கா நூற்றுப் பன்னிரண்டைத் திருப்பி வைத்தாள். ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் ஏழு வரி. எண்கள். குறிப்புக் கட்டத்தில் ஏழு வரியிலும் ஒரே வார்த்தை: சரி. சரி. சரி. ஐம்பத்துமூன்று வருஷத்துக்கு முந்திய மை, கொஞ்சம் பழுப்பேறிவிட்டது.

"இவ்வளவுதாம்மா. கதை ஒண்ணும் இல்ல இதுல," என்றாள் ரெக்கார்டக்கா. அவளுக்கே அந்தத் தாளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எட்டு வருஷமாக அந்த வார்த்தையை அவள் ஒன்றுமில்லை என்று தாண்டித் தாண்டிப் போயிருந்தாள்.

தையற்காரம்மாள் விரலை ஒவ்வொரு 'சரி'யிலும் வைத்து வைத்து எடுத்தாள். "எங்கம்மா சொல்லுவா. எதக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாராம். சண்டை போட்டாலும் சரிம்பாராம். அம்மாவுக்கு அதுலதான் கோபம் வருமாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். இந்தத் தடவை சிரிப்பு கோணவில்லை.

ரெக்கார்டக்கா கோப்பைக் கட்டும்போது தையற்காரம்மாள் கேட்டாள்.

"அந்தக் கதை இருக்கா, கிழிச்சுப் போட்டுட்டீங்களா?"

"இருக்கு. அதைத் தொடவே இல்லம்மா."

"எழுதி முடிங்க. ஆனா நான் சொல்ற மாதிரி எழுதணும். நான் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்டுச்சு. ஆனா அவர் போகல. மதகுப் பிடிய விடல. அது திறக்க மாட்டேன்னு நின்னுச்சு, அவர் சுத்திக்கிட்டே இருந்தார். அப்படி எழுதுங்க."

"அப்படி நடந்ததான்னு தெரியாதேம்மா. மறுபடியும் நான் ஒரு பொய்ய..."

"தெரியாதுன்னு மேலயே போட்டுடுங்க. கதைன்னு பெருசா போடுங்க. எனக்குப் படிக்கக் கொடுங்க. எனக்குக் கதைன்னு தெரிஞ்சா போதும். கதையிலயாவது அவருக்கு நான் கூப்பிட்டது கேக்கட்டுமே!"

அன்றைக்குச் சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே ரெக்கார்டக்கா பரணிலிருந்து கட்டை இறக்கினாள். மட்டத்தாளை ஒதுக்கிவிட்டு, கடையில் வாங்கின கோடு போட்ட நோட்டைத் திறந்தாள். சாதாரணப் பேனா. தன்னுடைய கையெழுத்து. மெக்கானிக் வேலை முடிந்து வந்து பார்த்தவர் பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். அவள் உட்கார்ந்திருந்தாள். கால் ஆடவில்லை.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார்.

"பேசாம இருங்க," என்றாள். முதல் பக்கத்தின் மேலே 'இது கதை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அதற்குக் கீழே நேரம், மட்டம், மழை மூன்றையும் அறிக்கையில் உள்ளபடி எழுதினாள். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினாள்: மூன்று மணி. பிடி நகர மாட்டேன் என்கிறது. கேட்கிறது, கண்ணு. கூப்பிட்டுக்கொண்டே இரு, அப்பா இங்கேதான் இருக்கிறேன்.

கை பழக்கத்தில் சிவப்புப் பென்சிலைத் தேடிப் போனது. எடுத்தவள், தாளின் மூலையைப் பார்த்துவிட்டு, எண் போடாமல் கீழே வைத்தாள்.